நோட்டில் முதல் பெயர்

மேட்டுக்கண்டிகை என்று ஊருக்குப் பெயர் வைத்தவன் யாரோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் காந்திமதி நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிடுவாள். எங்கேடா மேடு? ஒரகடத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் லாரி லாரியாக மண்ணடித்து ஆளுயரம் ஏற்றியாகிவிட்டது. ரோட்டையும் மூன்று தடவை ஏற்றியாகிவிட்டது. ஏறாமல் கிடப்பது கடைசித் தெருவும், அதன் கோடியில் இருக்கிற காந்திமதியின் ஓட்டு வீடும்தான்.

அங்கேயும் மழைத்தண்ணீர் தேங்காமல் ஓடிப்போய்க்கொண்டுதான் இருந்தது, நான்கு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் இருந்தது. மழைத்தண்ணீரை வாங்கிக்கொண்டு போய் ஏரியில் விட்டுவிடும். பிறகு அங்கே ஒரு கோடவுன் வந்தது. கார் பாகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி வைக்கிற கோடவுன். அதன் காம்பவுண்டுச் சுவர் கால்வாயின் குறுக்கே ஏறி உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் என்ன மனுஷனா, மனு எழுதிக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்துக் கிடக்க? நேராகக் காந்திமதி வீட்டுக்குள் நுழைந்தது. போன ஐப்பசியில் முழங்கால் மட்டத்துக்கு மூன்று நாள் நின்றது. பின்சுவரில் விரிசல் விட்டுவிட்டது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தபா தண்ணி நின்னுச்சுன்னா செவுரு ஒக்காந்துடும்மா. அப்புறம் என்னிய கேக்காத."

காந்திமதிக்கு வேலை ஒரு கம்பெனி கேன்டீனில். காலை பத்து மணிக்குள் நாற்பது கிலோ வெங்காயம் உரித்தாக வேண்டும். ஆனாலும் இரண்டு திங்கட்கிழமை லீவு போட்டுக் காஞ்சிபுரத்துக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். இரண்டாம் தடவை அங்கிருந்த ஒரு புண்ணியவான், "ஊர்ல கிராம சபைத் தீர்மானம் போட்டுக் கொண்டாம்மா, அப்பதான் ஃபைல் நகரும்" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, படுத்தால் படுக்க முடியவில்லை. மேகம் கறுத்தால் போதும், எழுந்து போய்ப் பின்சுவரைத் தடவிப் பார்ப்பாள்.

ஊராட்சிச் செயலர் சுப்பராயலு பழம் தின்று கொட்டை போட்டவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தீர்மானம் போட்டுக்கலாம். அக்டோபர் ரெண்டு கிராம சபை. ஆனா நம்ம ஊரு ஓட்டருங்க நூறு பேரு வந்து குந்தணும். அதாம்மா கோரம். ஒரு ஆளு கொறஞ்சாலும் செல்லாது."

"காந்தி ஜெயந்தி லீவுதானே சார். வந்துடுவாங்க."

"லீவா! அன்னிக்கு டூட்டிக்குப் போனா டபுள் சம்பளம். அத்த வுட்டுட்டு எவன் இங்க வந்து ஜமக்காளத்துல குந்தப் போறான்?"

"அப்ப இத்தினி வருசமா எப்பிடி சார் கூட்டம் நடந்துச்சு?"

"நல்லா கேட்ட போ. நோட்டு வூடு வூடா போவும். கையெழுத்து வாங்கிக்கினு வரும். கூட்டம் நடந்தாச்சு, தீர்மானம் பாஸ்." மேஜை இழுப்பறையைத் திறந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "எனக்கு முட்டி வலி. இந்தா, நீயே வாங்கிக்கினு வா. ஒனக்கு காரியம் ஆவணுமில்ல?"

அவர் கெட்ட மனுஷன் இல்லை. இத்தனை வருஷமாக ஊரே செய்ததைத்தான் சொன்னார். காந்திமதியே கேன்டீனில் முட்டைக்கோஸ் அரிந்துகொண்டிருந்த நேரத்துக்கு, கிராம சபையில் இருந்ததாக எத்தனையோ தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

கிராம சபைக்கு முந்தின நாள் சாயந்திரம் புருஷனிடம் பேச்சை ஆரம்பித்தாள். பகலவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கருவாட்டுக் குழம்பு. பெண் பிரவீனா, பிளஸ் டூ படிக்கிறவள், ஓரமாக உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, நாளிக்கு நோட்டுல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போறியா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாத மாதிரி கேளு. கோடவுன் செவுருக்குத்தான்."

பகலவன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். அவன் ஓட்டுவது ராமனின் வேன். ராமனுக்கு ஆறு வேன்கள். கோடவுனுக்கு ஆள் கொண்டுபோய் விடுகிற காண்டிராக்ட்டும் ராமனுடையதுதான். எட்டு வருஷமாகப் பகலவனுக்குச் சோறு போடுவது அந்த வேன்.

"ராமன் அண்ணன் வண்டிய ஓட்டிக்கினு ராமன் அண்ணனுக்கே ஆப்பு வெக்கச் சொல்றியா?"

"செவுரு வுழுந்தா ராமன் அண்ணனா வந்து முட்டு குடுப்பாரு?"

"நான் இன்னா வாணாம்னா சொன்னேன்? யோசிச்சு சொல்றேன்."

"எப்ப யோசிப்ப? தண்ணி கட்டில் மேல ஏறினப்புறமா?"

"யோசிக்கறதுக்கு டைம்டேபிளா போட்டு வெச்சிகீறாங்க? கம்முனு வுடு மே."

விடியுமுன்னே ட்ரிப்புக்குக் கிளம்பிப் போய்விட்டான். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஐந்தரை மணிக்கு நோட்டோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள் காந்திமதி. முதல் ஷிஃப்ட் கூட்டம். நீலச் சட்டை ஒரு கம்பெனி, சாம்பல் சட்டை ஒரு கம்பெனி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. எல்லோரும் தெரிந்த முகங்கள்தான். நோட்டை நீட்டினாள். விமல்ராஜ் என்று ஒரு பையன், இரண்டாம் தெரு, வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"இன்னாக்கா, யாருமே போடலியே?"

"நீ போடு கண்ணு, பின்னாடியே வருவாங்க."

"மொத ஆளாவா? வேற யாருனா போடட்டும், நான் ரெண்டாவது போடறேன்."

அடுத்தவனும் அதையே சொன்னான். அதற்கடுத்தவளும். பந்தியில் முதல் இலையில் உட்காரக் கூச்சப்படுகிற ஜனம், வெறும் தாளில் முதல் வரியிலா போட்டுவிடும்? ஒரு கம்பெனி பஸ் வந்து போயே போய்விட்டது. நாலைந்து கையெழுத்து அதோடு போயிற்று. காந்திமதி தூணுக்குப் பின்னால் போனாள். நோட்டை முழங்காலில் வைத்து, ஒன்று என்று எண் போட்டு, பகலவன் என்று எழுதினாள். பிரவீனாவின் ரேங்க் கார்டில் அவன் போடுகிற கையெழுத்தை அரைகுறையாக நினைவு வைத்து, கடைசி எழுத்தில் வால் இழுத்துப் போட்டுவிட்டாள்.

எப்படியும் போடத்தானே போகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! மளமளவென்று விழுந்தது. "பகலவன் அண்ணனே போட்டுட்டாரா? அப்ப சர்தான்" என்று விமல்ராஜ் இரண்டாவதாகப் போட்டான். ஏழு மணிக்குள் அறுபத்திரண்டு பெயர்கள். கடைசியாக இசக்கியப்பன், அவர்கள் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற திருநெல்வேலிப் பையன், மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து வந்து இறங்கினான்.

"யக்கா, நானும் போடலாம்லா? ஓட்டு இங்கன மாத்தியாச்சு, பாத்துக்கிடுங்க. நானும் இந்தூரு ஆளுதான்."

"போடுப்பா, மவராசனா இருப்ப."

பதினொரு மணிக்கு ஊராட்சிக் கட்டிடத்துக்கு முன்னால் ஷாமியானாவுக்குக் கீழே கிராம சபை கூடியது. நேரில் வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். நோட்டில் நூற்றைந்து. ஒன்றிய அலுவலகத்திலிருந்து கூட்டத்தைக் கண்காணிக்க வந்திருந்த ராஜலட்சுமி மேடம் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார், நோட்டை மூடி வைத்தார். சுப்பராயலு தீர்மானத்தை வாசித்தார். காந்திமதி முந்தானையைத் திருகிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

வாசித்து முடிப்பதற்குள் ராமன் எழுந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை.

"மேடம், அந்த நோட்ட நான் ஒரு தபா பாக்கலாமா? நானும் இந்த ஊரு ஓட்டருதான்."

வாங்கினார். முதல் பக்கம், முதல் பெயர். புருவத்தைத் தூக்கினார். செல்போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"பகலவா, எங்க கீற?"

"சுங்குவார்சத்திரம் தாண்டிட்டேன்ணா. ட்ரிப்புல கீறேன்." பின்னால் ஹாரன் சத்தம்.

"கிராம சபை நோட்டுல கையெழுத்து போட்டியா நீ?"

காந்திமதி திருகிக்கொண்டிருந்த முந்தானையை விட்டுவிட்டாள்.

"நானா? இல்லியேண்ணா. ஏன்?"

ராமன் போனை அணைத்துப் பைக்குள் வைத்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காந்திமதி எழுந்தாள்.

"இன்னாண்ணா பெரிசா கண்டுபுடிச்சிட்டீங்க? உங்க சிமெண்ட் ரோட்டு தீர்மானத்துக்கு நாங்க யாரு வந்து குந்தினோம்? நான் கேன்டீன்ல நின்னேன், நோட்டு வூட்டுக்கு வந்துச்சு, போட்டேன். அப்ப செல்லிச்சு. என் வூட்ல தண்ணி பூந்தா மட்டும் செல்லாதா?"

"அப்ப நீ போட்டது ஒன் கையெழுத்தும்மா," என்றார் ராமன், குரலை உயர்த்தாமல். "இது யாரு கையெழுத்து?"

ராமன் யோக்கியர் இல்லை. அது ஊருக்கே தெரியும். ஆனால் அந்த ஒரு கேள்வி யோக்கியமான கேள்வி. காந்திமதியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அடிச்சிடுங்க மேடம்," என்றாள். "இங்க இல்லாத அத்தினி பேரயும் அடிச்சிடுங்க. மொதல்ல அந்த மொத பேர அடிங்க."

சிவப்பு மையால் அறுபத்திரண்டு கோடுகள். கோரம் இல்லை, கூட்டம் கலைந்தது. "நவம்பர் ஒண்ணாந்தேதி அடுத்த சபை," என்றார் மேடம். "இனிமே நோட்டு இந்த மேஜைய விட்டு நகராது. ஆளா வந்து ஒக்காந்தாத்தான் கையெழுத்து."

பகலவன் சாயந்திரம் வந்தான். கை கால் கழுவவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் எப்பம்மே போட்டேன்?"

"தப்புதான்யா. மொத ஆளா யாரும் போட மாட்டேன்னுட்டாங்க. பஸ்ஸு போய்க்கினே இருந்துச்சு. எனக்கு வேற வழி தெரில."

"நான் எட்டாங்கிளாஸ் பெயிலு. என் பேர்ல வூடு கூட இல்ல, உங்கப்பா குடுத்தது. வண்டி ராமனுது. எனக்குன்னு கீறது அந்தக் கையெழுத்து ஒண்ணுதான். அதயும் நீயே போட்டுக்கினா, அப்புறம் நான் எதுக்கு?"

"யோவ், அப்பிடிலாம் பேசாதய்யா."

"நீ வெய்ட் பண்ணியிருந்தா நானே போட்டிருப்பேனோ இன்னாவோ. ட்ரிப்புல அத்தத்தான் யோசிச்சிக்கினு போனேன். இப்ப அது எனக்கே தெரியாம பூட்ச்சு."

அதுதான் கடைசி. அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. "பிரவீனா, உங்கம்மாவ கொழம்பு ஊத்தச் சொல்லு" என்பான். குழம்புச் சட்டி இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கும். பிரவீனா தலையில் அடித்துக்கொள்வாள்: "நைனா, எனக்கு எக்ஸாம் கீது. உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேன் வேல பாக்க என்னால ஆவாது."

ஐப்பசி பிறந்ததும் இரண்டு நாள் அடை மழை. தண்ணீர் பின்வாசல் இரண்டாவது படி வரைக்கும் வந்து நின்றது. புருஷனும் பெண்டாட்டியும் வாயே திறக்காமல் கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்கினார்கள், அரிசி டப்பாவைப் பரணில் ஏற்றினார்கள். அவன் ஒரு முனையைத் தூக்கினால் இவள் மறுமுனையைத் தூக்கினாள். வேலைக்குப் பேச்சு வேண்டியிருக்கவில்லை. மழை விட்ட பிறகு பார்த்தால் விரிசலில் ஒரு விரல் நுழைந்தது. பகலவனும் விரலை விட்டுப் பார்த்தான். பார்த்துவிட்டு லுங்கியில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

காந்திமதி தினமும் ஐந்தரைக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். இந்தத் தடவை கையில் நோட்டு இல்லை. கோடு அடித்த அறுபத்தோரு பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்தாள்.

"அன்னிக்கு உன் பேர அடிக்க வெச்சிட்டேன், மன்னிச்சுக்கோ. இந்தத் தபா நோட்டு வராது. நீதான் வரணும்."

"ஒண்ணாந்தேதி லீவு இல்லியேக்கா. சூப்பர்வைசர் கொன்னுடுவான்."

"தெரியும் கண்ணு. வான்னுதான் சொல்றேன், வந்தே ஆவணும்னு சொல்லல. இன்னா தீர்மானம்னு மட்டும் கேட்டுக்கோ. கோடவுன் செவுரு கால்வா மேல கீது. அத்த எடுக்கணும், இல்லாட்டி அடியில கொழாய் போட்டு தண்ணி வுடணும். அவ்ளோதான். புடிக்கலன்னா வந்து புடிக்கலன்னு சொல்லிட்டுப் போ."

சிலர் தலையாட்டினார்கள். சிலர் அவளைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இசக்கியப்பன்தான் வழி சொன்னான்.

"யக்கா, பகல் ஷிஃப்ட்டுக்காரனுவள ஏன் கெஞ்சுதிய? மூணாம் ஷிஃப்ட்டு ஆளுவ காலைல ஏழு மணிக்கு வந்துருவோம்லா. நேரா அங்கனயே வந்திருதோம். உறங்கிட்டா மட்டும் எழுப்பி விட்ருங்க."

"பதினோரு மணிக்குய்யா கூட்டம். நாலு மணி நேரம்!"

"கம்பெனில நின்னுக்கிட்டே உறங்குதவனுவ நாங்க. உக்காந்து உறங்க மாட்டமா?"

மூன்றாம் ஷிஃப்ட்டில் ஊர்க்காரர்கள் யார் யார் என்று அன்று முதல் கணக்கெடுத்தாள். வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். ஒன்றாம் தேதி யாருக்கு மூன்றாவது வரும் என்று பிரவீனா பேப்பரில் கட்டம் போட்டுக் கொடுத்தாள்.

நவம்பர் ஒன்று. வானம் மூடிக்கொண்டிருந்தது. காற்று சுழன்று சுழன்று அடித்தது. பகலவன் வழக்கம்போலப் பேசாமல் ட்ரிப்புக்குப் போயிருந்தான். அவனை வா என்று காந்திமதி சொல்லவில்லை. பெண்ணை விட்டும் சொல்லவில்லை. நூறு தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினாள்.

ஏழேகாலுக்கு முதல் கம்பெனி பஸ் வந்து நின்றது. எட்டுப் பேர் இறங்கினார்கள். அடுத்ததில் பதினொரு பேர். அதற்கடுத்த பஸ்களிலும் வந்து இறங்கினார்கள். நீலச் சட்டை, சாம்பல் சட்டை, சேஃப்டி ஷூ, செக்கச் செவேலென்று கண்கள். ஷூவைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு, ஷாமியானாவுக்குள் போட்டிருந்த ஜமக்காளத்தில் சாய்ந்தார்கள். காந்திமதி பொங்கல் போடலாம் என்று ஆசைப்பட்டாள். "சோறு போட்டு ஆள் சேத்தாங்கன்னு ராமன் சொல்வான், வாணாம்" என்று சுப்பராயலு தடுத்துவிட்டார். ஆகவே டீயும் வறுக்கியும் மட்டும். டீயைக் குடித்தார்கள், குடித்த கையோடு தூங்கினார்கள். ஒருவன் தோளில் ஒருவன். பத்தரைக்குப் பெர்மிஷன் போட்டுவிட்டு விமல்ராஜோடு ஏழெட்டு முதல் ஷிஃப்ட் பையன்கள் வந்தார்கள். நூறு நாள் வேலைப் பெண்கள் வந்தார்கள். ஊரே குறட்டை விட்டுக்கொண்டிருந்த அந்த இடத்தில் காந்திமதி ஒருத்திதான் நின்ற இடத்தில் நிற்காமல் தெருவுக்கும் ஷாமியானாவுக்குமாக அலைந்தாள்.

ராஜலட்சுமி மேடம் வந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, கல்யாண மண்டபமா?" என்றார். பிறகு தாமே நடந்து ஒவ்வொரு தலையாக எண்ணினார். நூற்று ஏழு.

"மேடம், இது நாயமா?" ராமன் எழுந்தார். "பாதிப் பேரு தூங்கறான். இன்னா தீர்மானம்னே தெரியாது அவனுக்கு. இதுக்கு நோட்டே தேவலாம்!"

மேடம் யோசித்தார். குனிந்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த இசக்கியப்பனைத் தட்டினார். "தம்பி, எதுக்கு வந்திருக்கீங்க?"

இசக்கியப்பன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "கோடவுன் சுவரு கால்வாய் மேல இருக்கு மேடம். அத எடுக்கணும். இல்லன்னா அடியில குழாய் போடணும். அக்கா வீட்டுச் சுவரு விழப்போவுது. நான் சரிங்கேன்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். ஷாமியானா கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் தூங்கினவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"தீர்மானத்துக்குச் சம்மதம்னா கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. காந்திமதி தானும் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசைக்கும் பின்னால், ஷாமியானாக் கம்பத்தை ஒட்டி, காக்கிச் சட்டையோடு பகலவன் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானோ தெரியாது. அவன் கை கீழே இருந்தது. ராமனும் திரும்பி அவனைப் பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பகலவன் தொண்டையைச் செருமிக்கொண்டு கையைத் தூக்கினான். தலைக்கு மேலே, நன்றாகவே தூக்கினான்.

"ஆளு இப்ப நூத்தியெட்டு. தீர்மானம் பாஸ்," என்றார் சுப்பராயலு.

கையெழுத்துக்காக நோட்டு மேஜை மேல் வைக்கப்பட்டது. வெறும் தாள். வழக்கம்போல ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், "நீ போடு", "நீ போடு" என்று. பகலவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். காற்று அடித்துத் தாள் படபடவென்று புரண்டது. சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்துத் தாளின் மேல் பாரமாக வைத்தான். ஒன்று என்ற எண்ணுக்கு எதிரே குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாகப் போட்டான். நிமிர்ந்தான். சாவியை எடுக்கவில்லை. ராமன் கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டு போனார்.

காந்திமதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இனி வண்டி இல்லை. சுவர் நிற்குமா என்றும் தெரியாது. தீர்மானம் காஞ்சிபுரம் போய்ச் சேருவதற்குள் எத்தனை மழையோ! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பகலவன் நோட்டை அவள் பக்கமாகத் திருப்பினான். ஒரு மாதத்துக்கு அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து, நேராக அவளிடமே பேசினான்.

"இதான்மே என் கையெழுத்து. நல்லா பாத்துக்கோ."

பார்த்தாள். கடைசி எழுத்தில், அன்று அவள் இழுத்துப் போட்ட வால் இல்லை. பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்கு வழி விட்டு நின்றான்.